இரண்டு நிமிடப் பெட்டி

பெட்டிக்குள் அவன் என்ன சொன்னான் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். எழுதியாயிற்றா? சரி, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம். அது அவனுடையது. இதில் உட்காருங்கள்.

ஐஸ் ஹாக்கிச் சங்கத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போனார்கள். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். அவர்களிடம் மலாயில் சொன்னேன். நம்பவில்லை போலிருக்கிறது. தமிழ்ப் பெண்ணை அனுப்பினால் கிழவன் வாயைத் திறப்பான் என்று உங்களை அனுப்பியிருக்கிறார்கள். தமிழிலும் அதேதான் அம்மா. ஒன்றும் சொல்லவில்லை.

என்ன பேர் சொன்னீர்கள்? கோகிலவாணி. சரி.

தெரியும், தெரியும். அந்தக் கடிதம் எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொன்னார். என் மகன் யுகேந்திரன் தெளிவான தலையோடு, வேண்டுமென்றே, அந்த மங்கோலியனைப் பின்னாலிருந்து அடித்தான் என்றால் ஆயுளுக்கும் தடை. நாட்டுக்கு ஆடியவர்கள் பட்டியலிலிருந்து பேரையும் அடித்துவிடுவார்கள். தலை சரியில்லை என்று அவன் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருந்தால், தப்பு அதைக் கேட்டும் ஆட விட்டவன்மேல். அவன்மேல் இல்லை. சொல்லியிருந்தால் என்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அவனைக் கேட்கலாம் என்றால் அந்த நாளே அவன் ஞாபகத்தில் இல்லை. அதனால் என்னிடம் வருகிறீர்கள்.

நான் கதவு திறப்பவன். அவ்வளவுதான்.

பெட்டி தெரியுமா உங்களுக்கு? ஆட்டமே பார்த்ததில்லையா? சங்கத்துக்கு வக்கீல், ஆட்டம் பார்த்ததில்லை. நல்ல சங்கம். சரி, கேளுங்கள். ஐஸ் ஹாக்கியில் தப்பு செய்தவனை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் உட்கார வைப்பார்கள். இரண்டு நிமிடம். அதுவரை அவன் டீம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் உள்ளே நிற்பான். நொடி முன்னால் திறக்கக் கூடாது, பின்னால் திறக்கக் கூடாது. ஆட்டக்காரனோடு பேசக் கூடாது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று மட்டும் சொல்லலாம். அந்த ஆள் நான்.

என் சொந்த வேலை அது இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேரங்காடி நான்காவது மாடியில் ஐஸ் வண்டி ஓட்டுகிறேன். ஆட்ட இடைவேளையில் உள்ளே போய், கீறல் விழுந்த ஐஸைச் சீவி, வெந்நீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கும் வண்டி. ஆசிய நாடுகள் கிண்ணம் இங்கே நடந்தபோது பெட்டிக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. "அங்கிள் நாகையா, கதவைத் திறக்க உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். மகன் டீமில் இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறார்கள். அந்தக் கோட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து வாங்கினார்கள். அதை எழுதுங்கள்.

கதவு விஷயத்தில் என்னை ஒருவன் குறை சொல்ல முடியாது. எனக்கு அது பழக்கம்.

அவனுக்கு ஏழு வயதில் அவன் அம்மா எங்களை விட்டுவிட்டு ஜொகூர்ப் பக்கம் போய்விட்டாள். ஒரு நாள் கை நீட்டினேன் என்று. ஒரு நாள் இல்லை, இரண்டு மூன்று நாள் இருக்கும். பையனை வீட்டில் விட முடியாது. வேலைக்குக் கூட்டிப்போனேன். வாடகை ஸ்கேட்டை மாட்டிவிட்டேன். சுற்றிக்கொண்டிருப்பான். தொந்தரவு இல்லை. எட்டு வயதில் முதுகுப் பக்கமாகவே சறுக்குவான். பதினொன்றில் பெரிய பையன்களோடு மட்டை பிடித்தான்.

சேட்டையும் இருந்தது. நான் வளர்த்த முறை சொல்கிறேன், எழுதினாலும் எழுதுங்கள். நான் மற்ற அப்பன்கள் மாதிரி கண்மண் தெரியாமல் அடிக்கவில்லை. ஆட்டத்தில் இருக்கிற சட்டத்தையே வீட்டுக்கும் வைத்துக்கொண்டேன். பொய் சொன்னால் இரண்டு நிமிடம். எதிர்த்துப் பேசினால் இரண்டு நிமிடம். சண்டை போட்டால் ஐந்து. ஐஸ் வண்டி நிறுத்துகிற அறையில் போட்டுக் கதவைச் சாத்துவேன். சீவின பனியைக் கொட்டுகிற குழி அங்கேதான். குளிரும். விளக்கை அணைத்துவிடுவேன். உள்ளேயிருந்து கத்துவான்.

"அப்பா, தொற! அப்பா, தொறப்பா!"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கத்துகிறானே என்று ஒரு நொடி முன்னால் திறந்ததில்லை. கோபத்தில் ஒரு நொடி கூட வைத்ததும் இல்லை. இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம். எந்த அப்பன் இவ்வளவு நியாயமாக இருப்பான்?

அதற்கும் அடங்காவிட்டால் ரோத்தான். அதோ, கதவுக்குப் பின்னால் தொங்குகிறதே பிரம்பு, அது. அதுவும் பதினைந்து வயதுவரைதான். ஒரு நாள் ஓங்கினேன், பிடித்துக்கொண்டான். விடவில்லை. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதோடு விட்டுவிட்டேன். கைக்கு வளர்ந்த பிள்ளையை அடிக்கக் கூடாது.

டீமில் சேர்ந்த பிறகு அவனுக்கே ரோத்தான் என்று பேர் வந்தது. டீம் பிள்ளைகளிடம் அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். ஆறடி இரண்டங்குலம். அவன் கோல் போடுகிறவன் இல்லை. கோல் போடுகிறவனை எவன் தொட்டாலும், தொட்டவனைப் போய் அடிக்கிற ஆள். ஒவ்வொரு டீமிலும் ஒருவன் இருப்பான். தோளால் இடித்துச் சுவரில் அப்ப வேண்டும். அது ஆட்டத்தில் உள்ளதுதான். தாய்லாந்துக்காரன் ஒருவனுக்கு விலா போனது. எமிரேட்ஸ் டீமில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் "ரோத்தான்! ரோத்தான்!" என்று கண்ணாடியைத் தட்டும். நான் பெட்டிக்குள் நிற்பேன். என் வீட்டுப் பிரம்பின் பேரை மூவாயிரம் பேர் கத்துகிறார்கள். சந்தோஷமாக இருக்காதா?

அதற்கு முன்னால் அவன் தலையில் அடிபட்டதா என்று கேட்கிறீர்களா? பட்டது. யாருக்குப் படவில்லை? கிண்ணத்துக்குப் பத்து நாள் முன்னால், பயிற்சியில், மல்லாக்க விழுந்தான். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றோடு ஆடினால் வாந்தி வரத்தான் செய்யும். டாக்டரிடம் போகட்டுமா என்றான். போனால் எழுதிக் கொடுத்துவிடுவான், டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றேன். போகவில்லை. அவனே முடிவெடுத்தான். இருபத்து மூன்று வயது ஆள்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மங்கோலியா. வேகமான பிள்ளைகள். அதிலும் பதினேழாம் நம்பர். பத்பயர் என்று முதுகில் எழுதியிருந்தது. சின்ன உருவம், காலில் எண்ணெய் தடவின மாதிரி ஓடுவான். கறுப்பு ரப்பர் வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவன். ரப்பர் அப்படி ஒட்டி நான் பார்த்ததில்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே ஒரு கோல்.

ஏழாவது நிமிடம் யுகேன் அவனைப் பிடித்தான். சுவரோடு சேர்த்து இடித்தான். முழங்கை முகத்தில் போனது. நடுவர் முழங்கையைப் பார்க்கவில்லை, தள்ளினதை மட்டும் பார்த்தார். இரண்டு நிமிடம். பெட்டிக்கு வந்தான். கதவைச் சாத்தினேன்.

"எவ்ளோ?"

"ஒண்ணு நாப்பது."

வாயிலிருந்த பல் காப்பை எடுத்துவிட்டுச் சிரித்தான். "வண்டி ரூம் மாதிரியே இருக்குப்பா. லைட்டு மட்டுந்தான் கூட."

"பேசாத. டியூட்டியில இருக்கேன்."

இதுவும் பேச்சுத்தான். இதை மறைக்கவில்லை பாருங்கள்.

ஆட்டம் மூன்று பகுதி. முதல் இடைவேளையில் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். இடித்த இடத்தில் ரத்தம். ரத்தத்தின்மேல் வெந்நீர் விட்டால் பரவி, ஐஸ் முழுக்க ரோஜா நிறமாகிவிடும். இறங்கிச் சுரண்ட வேண்டும். சுரண்டினேன். ஒரு பல் வந்தது. முழுப் பல், வேரோடு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

இரண்டாவது பகுதியில் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டப்படி கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய ஆள்கள், இரண்டு பக்கமும். இவன் நடுவில். இவன் தலை போய்க் கண்ணாடியில் மோதினது என் பெட்டியிலிருந்து ஆறடி தூரம். கண்ணாடி முழுக்க அதிர்ந்து என் கைக்கு வந்தது. மேல்மாடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் தின்றவர்கள்கூட ஐயோ என்றார்கள். விழுந்தான். எழுந்தான். எழுந்ததும் பக்கத்தில் இருந்தவனைக் கழுத்துச் சட்டையைப் பிடித்துக் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் அடித்தவன்கூட இல்லை, வேறு ஒருவன். சண்டை என்றால் ஐந்து, நடுவர் தள்ளுமுள்ளு என்று எழுதி இரண்டு பேருக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார்.

புருவம் கிழிந்திருந்தது. துண்டு கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். துடைக்கவில்லை.

"நேரம் சொல்லு."

"முன்னால எரியுதே, கண்ணு இல்லையா?"

"ரெண்டா தெரியுது."

"ரெண்டும் ஒரே நேரந்தான் காட்டும். பாரு."

என்ன எழுதுகிறீர்கள்? இதையா? இது ஒரு பேச்சா அம்மா? முகத்தில் ரத்தம் வழிந்தால் யாருக்கும் இரண்டாகத்தான் தெரியும். சரி, எழுதுங்கள். எனக்கென்ன.

இரண்டாவது இடைவேளையில் வண்டியை அறைக்குக் கொண்டுபோகும்போது டீம் அறைக் கதவு திறந்திருந்தது. கோச் வெளிநாட்டுக்காரர். இங்கிலீஷ்தான் பேசுவார். எனக்கு அந்த அளவு புரியும். யுகேனுக்கு முன்னால் குனிந்து நின்று, ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "பதினேழு. அவன் இனிமேல் எழுந்து நடக்கக் கூடாது. புரிகிறதா?" யுகேன் தலையாட்டினான். சுற்றி இருந்தவர்கள் மட்டையால் தரையை இடித்து "ரோத்தான், ரோத்தான்" என்றார்கள். அவன் வாசல் பக்கம் பார்த்தான். நான் நிற்பதைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன்.

பின்னே என்ன செய்ய? மூன்றுக்கு மூன்று நிற்கிறது. நம் நாடு இறுதிக்கு வந்ததே முதல் தடவை.

மூன்றாவது பகுதி. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இரண்டு நொடி. யாரும் தொடாமலே இவன் கால் பின்னி விழுந்தான். விழுந்தவன் மட்டை ஒரு மங்கோலியன் காலை வாரிவிட்டது. இரண்டு நிமிடம். எழுந்து பெட்டிக்கு வந்தான். எங்கள் பெட்டிக்கு இல்லை. அவர்கள் பெட்டிக்கு. அங்கே கதவைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருப்பிவிட்டது யார் தெரியுமா? பதினேழு. பல் போனவன். உதடு இப்படி வீங்கியிருந்தது. யுகேன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, எங்கள் பக்கம் கையைக் காட்டி, மட்டையால் இவன் முழங்காலுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினான். அந்த ஆட்டத்தில் அது தோளில் தட்டிக் கொடுக்கிற மாதிரி. போ தம்பி என்கிற மாதிரி.

வந்து உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் ஓடியது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இரண்டு நொடி இருக்கும்போது கதவைத் திறந்தேன். போனான்.

அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லோரும் பார்த்தது. நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவா? பதினேழு எதிர்ச் சுவர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வட்டைத் தோண்டிக்கொண்டிருந்தான். யுகேன் பெட்டியிலிருந்து நேராக அவனிடம் போனான். அகலம் முழுக்கக் கடந்து போனான். வேகம் குறைக்கவே இல்லை. கையையும் முன்னால் வைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, லாரி மாதிரி. இடித்த சத்தம் மாடு விழுகிற சத்தம் மாதிரி. அந்தப் பையன் முகம் சுவருக்கும் இவனுக்கும் நடுவில் நசுங்கினது. தோள் எலும்பு ஒடிந்து சட்டைக்குள் துருத்தியது. அவன் கத்தினான். கத்தினால் உயிர் இருக்கிறது. இவன் கத்தவில்லை. ஹெல்மெட் கழன்று உருண்டது. தலை சுவரின் கீழ்ப்பலகையில் இருந்தது. காது வழியாக ரத்தம். உடம்பு அசையவில்லை, இரண்டு காலும் மட்டும் சறுக்கிக்கொண்டிருந்தன. கிடந்தபடியே. ஸ்கேட் பிளேடு ஐஸைக் கீறிக்கொண்டே இருந்தது. நான் போட்ட ஐஸ்.

கூட்டம் முதலில் "ரோத்தான்" என்றது. பிறகு நிறுத்தினது.

மீதி இரண்டு நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். தோற்றோம்.

ஆமாம், நான் ஆம்புலன்ஸில் போகவில்லை. இது எதற்கு உங்களுக்கு? பரிசளிப்பு இருந்தது. கம்பளம் விரிக்க வேண்டும், அமைச்சர் வந்திருந்தார். மூலையில் அவ்வளவு ரத்தம். இரண்டு பேர் ரத்தம். சுரண்ட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சுரண்டினேன். வெந்நீர் விட்டேன். பிறகு பேருந்து பிடித்துப் போனேன். பத்து நாள் கண் திறக்கவில்லை. இப்போது ஏழு வாரம். உள்ளே இருக்கிறான், அந்த அறையில். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. ஸ்பூன் பிடித்தால் நடுங்குகிறது. அன்றைக்கு என்ன ஸ்கோர் என்று நேற்றும் கேட்டான். ஜெயித்தோம் என்றேன்.

என்ன அது, போனா? வீடியோவா? நான் பார்க்க வேண்டாம். அங்கே நின்றவன் நான். எனக்கே காட்டுகிறீர்களா?

சரி, காட்டுங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

இது பெட்டி. இது நான். அந்தக் கோட்டு எனக்குக் கொஞ்சம் பெரிது. கடிகாரத்தைப் பார்க்கிறேன், பாருங்கள். கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவில்லை. இதைத்தான் சொன்னேன். கை தாழ்ப்பாளில். தயாராக.

வாய் அசைகிறதா? யார் வாய்? அவன் வாயா. மூச்சு வாங்குகிறான்.

நிறுத்துங்கள். கொஞ்சம் பின்னால் போங்கள். இந்தக் கை யாருடையது? அவன் கையுறையைக் கழற்றினானா? எப்போது கழற்றினான்? என் கோட்டுக் கையைப் பிடித்திருக்கிறான். இப்படி, முஷ்டியாக. துணி சுருங்கியிருக்கிறது பாருங்கள். எனக்குத் தெரியவில்லை. நான் கீழே பார்க்கவே இல்லை அம்மா. கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி இருந்தது. கண்ணை எடுத்தால் பிசகிவிடும்.

இன்னொரு தடவை போடுங்கள்.

இந்தக் கதவைத் திறக்கிறேனே, அப்போதும் விடவில்லை அவன். நான் கையை உதறுகிறேன். உதறியிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை.

போதும். போனை அணையுங்கள்.

சின்ன வயதில் அவன் வண்டி அறையிலிருந்து வெளியே வரும்போது இப்படித்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவான். கண்ணுக்கு வெளிச்சம் கூசும். வெளியே வந்த பிறகும் ரொம்ப தூரம் விட மாட்டான்.

சொன்னான்.

ஆமாம், சொன்னான். எழுதுங்கள், என்ன பார்க்கிறீர்கள்? "அப்பா, தொறக்காத" என்றான். முதலில் மெதுவாக. நான் "நாப்பது நொடி" என்றேன். மறுபடி சொன்னான். "தலை என்னமோ பண்ணுதுப்பா. போனா அவன அடிச்சிருவேன். எனக்கு வேணாம். தொறக்காத." நான் "இருபது" என்றேன். "அப்பா, தொறக்காதப்பா." பத்து, ஒன்பது என்று எண்ணினேன்.

கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். பக்கத்தில்தான் நேரம் பார்க்கிற தியோ உட்கார்ந்திருந்தார். ஒரு கை தூரம். தட்டியிருந்தால் நடுவரைக் கூப்பிட்டிருப்பார். டாக்டர் வந்திருப்பார். எனக்கு அது தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. ஆட்டம் போய்விடும் என்று நினைத்தேன். கதவு திறக்கிற நேரத்தில் என் பிள்ளை பயந்தான் என்று மூவாயிரம் பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல், என்ன சொல்ல, அவன் எப்போதும் உள்ளேயிருந்து கத்துகிறவன்தானே. தொற தொற என்பான். நான் கேட்டதில்லை. கேட்காததால்தான் ஆள் ஆனான் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை தொறக்காத என்கிறான். இதையும் கேட்கவில்லை.

எங்கே கையெழுத்து? இங்கேயா? என் பேர் முழுசாகப் போடுங்கள். மு. நாகையா. ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், இதை விடக் கூடாது. நேரம் சரி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இரண்டு நொடி இருக்கும்போதுதான் கதவு திறந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வீடியோவில் நீங்களே பார்த்தீர்கள். எழுதினீர்களா?

இருங்கள், டப்பாவைத் தருகிறேன். இந்தப் பல்லை அந்தப் பையனுக்கு அனுப்ப முடியுமா? அவன் இனி ஆட மாட்டான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பல் எதற்கு என்பான். இருந்தாலும் அவனுடையது. என் வீட்டில் கிடக்க வேண்டாம்.

யுகேனைப் பார்க்க வேண்டுமா? பாருங்கள். அவனைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள். மெதுவாகக் காலை வைத்து வாருங்கள், நடக்கிற சத்தம்கூட அவனுக்கு ஆகாது. சாயங்காலம் ஆனால் நான்தான் போய்த் திறப்பேன், சாப்பாட்டோடு. அவன் ஒன்றும் சொல்வதில்லை. திற என்றும் இல்லை, திறக்காதே என்றும் இல்லை.

இங்கே நில்லுங்கள். தாழ்ப்பாளைத் தொடாதீர்கள்.

யுகேன். அப்பாதான்டா. சங்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க.

யுகேன், கதவத் தொறக்கவா?

பேசாமல் நில்லுங்கள் அம்மா. அவன் சொல்லட்டும். நேரமாகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.